முந்துவோரும் பிந்துவோரும்: சிறுவர் வண்டிப் பந்தய விளையாட்டின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பிள்ளைகளின் விளையாட்டை வரலாற்றுக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே அரிது. மன்னர்களின் போர்களையும் சட்டசபைகளின் வாதங்களையும் நாம் பாடமாகப் படிப்பிக்கிறோம். ஆயின், ஐந்து வயதுக் குழந்தை எதனை வைத்துக்கொண்டு விளையாடுகிறது, அதனை ஆக்கியோர் யார், விற்போர் யார், அவ்விளையாட்டின் விதிகள் எத்தகைய உலகத்தை அக்குழந்தைக்கு இயல்பானதாகக் காட்டுகின்றன என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இன்றைய திரை விளையாட்டுகள் பற்றிப் பேச்செழுந்தால் இரண்டு குரல்களே கேட்கும். இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது ஒன்று. வெறும் விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள் என்பது மற்றது. எதிரெதிரானவை போலத் தோன்றினும், பொருளைக் கிட்டச் சென்று பாராது தட்டிக்கழிப்பதில் இரண்டும் ஒன்றே.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது ஒரேயொரு வகை விளையாட்டு. கேலிச்சித்திர உருவங்கள் சிறு வண்டிகளில் ஏறி, வளைந்து வளைந்து செல்லும் பாதையிற் பந்தயம் ஓடுகின்றன. வழியிற் கிடைக்கும் பெட்டிகளிலிருந்து வாழைப்பழத் தோலையும் ஆமையோட்டையும் பெற்று ஒன்றையொன்று இடறி வீழ்த்துகின்றன. யப்பானின் கியோத்தோ நகரிலுள்ள நின்டெண்டோ கம்பனி 1992 ஓகஸ்ட் 27ஆம் தேதி வெளியிட்ட 'சுப்பர் மாரியோ கார்ட்' என்பதே இவ்வகையில் முதன்மையானது. நம் இலக்கணகாரர் மொழியிற் சொன்னால் அது முதனூல், பின்வந்தவை வழிநூல்கள். 2017இல் வெளிவந்த அதன் ஒரு பதிப்பு மட்டும் 6 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. இத்தனை கைகளுக்குச் சென்ற ஒரு பொருளை ஆராய்ச்சிக்கு உரியதன்று என ஒதுக்குதல் தகாது.

இவ்விளையாட்டின் வேர் திரையில் இல்லை, தெருவில் இருக்கிறது. 1933ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார மந்தத்தின் கொடூரம் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் உழைப்போரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரிலே, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் படப்பிடிப்பாளரான மைரன் ஸ்கொட் என்பவர், சில சிறுவர்கள் தாமே செய்த வண்டிகளில் ஏறிச் சரிவான தெருவில் உருண்டு வருவதைக் கண்டார். அவ்வண்டிகளுக்கு இயந்திரம் இல்லை. தோடம்பழப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, தகரத் துண்டு, குழந்தைத் தள்ளுவண்டியிற் கழன்ற சில்லு ஆகிய கழிவுப் பொருள்களே அவற்றின் உடல். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இயல்பே அவற்றின் வலு. நம் ஊர்ப் பிள்ளைகள் பனங்காயில் அச்சுக் கோத்து வண்டில் உருட்டிய கதைதான். பெற்றோரிடம் காசில்லை, ஆகவே பிள்ளைகள் ஆக்கினர்.

ஸ்கொட் அப்பிள்ளைகளைப் படம்பிடித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் பந்தயம் ஒன்றையும் ஒழுங்கு செய்தார். 362 பிள்ளைகள் தத்தம் வண்டிகளோடு வந்து சேர்ந்தனர். பத்திரிகை விற்பனைக்கு இது நல்ல சரக்கு என்பதை முதலாளிகள் உடனே கண்டுகொண்டனர். மறு ஆண்டு, 1934இல், அது தேசியப் பந்தயமாயிற்று. இந்தியானா மாநிலத்து மன்சி நகரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் அதில் வென்றான். மதுச்சாலை ஒன்றின் மேசைப் பலகையில் இருந்து எடுத்த மரமே அவனுடைய வண்டி! விரைவிலேயே செவர்லே மோட்டார் கம்பனி புரவலனாக வந்து சேர்ந்தது. 1972 வரை அப்புரவலம் நீடித்தது. ஸ்கொட்டும் பிற்காலத்தில் அக்கம்பனியிற் பணிபுரிந்து, 1953இல் வெளிவந்த அதன் பிரசித்தமான பந்தயக் காருக்குக் 'கோர்வெற்' என்னும் பெயரைச் சூட்டினார் என்பர். கழிவுப் பெட்டி வண்டிகளைக் கண்டு வியந்த கண் எங்கே சென்று முடிந்தது பாருங்கள்.

1935இல் அப்பந்தயம் அக்ரன் நகருக்கு மாறியது. அக்ரன், அந்நாளில் உலகின் இறப்பர்த் தலைநகர். மோட்டார் வண்டிகளுக்கான ரயர் செய்யும் பேராலைகள் அங்கேதான் இருந்தன. மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டத் தொழிலாளர் விடியலில் வெட்டிய பால் அமெரிக்காவின் ரயர் ஆலைகளுக்கே பெரும்பாலும் சென்றது என்பதை நம் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1936 பெப்ரவரியில் அக்ரனின் குட்இயர் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, கடும் பனியில் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் மறியல் நடத்தினர். அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் அது ஒரு திருப்பம். அதே ஆண்டில்தான் அந்நகரின் புறத்தே, வேலையற்றோருக்கு வேலை வழங்கும் அரசாங்கத் திட்டத்தின் கீழ், சிறுவர் பந்தயத்துக்கென நிரந்தரமான சரிவுப் பாதை கட்டப்பட்டது. வேலையற்ற தகப்பன்மார் கூலிக்கு அமைத்த பாதையிலே பிள்ளைகள் கழிவு வண்டிகளில் உருண்டனர். மந்தகால அமெரிக்காவைப் பற்றிப் பல நூல்கள் சொல்வதனை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. அக்காட்சியிலும் பாதிப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிறுமியர் அத்தேசியப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது 1971இலேயே.

இப்பந்தயத்தின் வரலாற்றில் 1973ஆம் ஆண்டு நடந்த சம்பவம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டு வென்றவன் 14 வயதுச் சிறுவன். அவன் வண்டி புறப்படும் கணத்திலேயே மற்றவற்றை விட ஓர் அடி முந்துவதைக் கண்டோர் ஐயுற்று, ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தனர். வண்டியின் மூக்கிலே மின்காந்தம் ஒன்று ஒளிந்திருந்தது. புறப்படும் இடத்திலுள்ள உலோகத் தட்டு முன்னே சாயும்போது காந்தம் அதனோடு ஒட்டி வண்டியை இழுத்துவிடும். சிறுவன் தலையைப் பின்னே சாய்த்தால் அது இயங்கும். செல்வமும் பொறியியல் அறிவும் வாய்ந்த உறவினர் ஒருவரின் ஏற்பாடு அது. பரிசு பறிக்கப்பட்டது. அவ்வுறவினரோ, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற கருத்துப்பட விளக்கம் எழுதினார். பிள்ளைகள் ஆக்கிய வண்டிகளின் பந்தயம் நாற்பது ஆண்டுகளில் பெரியோர் பணத்தின் பந்தயமாக மாறிவிட்டது என்பதை அவ்விளக்கமே ஒப்புக்கொண்டது. அந்தக் காந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். அது வேறோர் உருவில் மீண்டும் வரும்.

இதற்கிடையில் வண்டிக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது. 1956இல், கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில், பந்தயக் கார் கட்டும் பட்டறை ஒன்றிற் பணியாற்றிய ஆர்ட் இங்கெல்ஸ் என்ற தொழில்வினைஞர், புல்வெட்டும் பொறிக்கென ஆக்கப்பட்டு எஞ்சிக் கிடந்த சிறு எஞ்சின் ஒன்றை வளைத்த குழாய்ச் சட்டத்திற் பூட்டினார். இதுவே 'கார்ட்' எனப்படும் வண்டி. கூரையில்லை, கதவில்லை, அதிர்வைத் தாங்கும் வில்லுமில்லை. தரையோடு தரையாக இருந்து ஓட்டவேண்டும். வாகனத் தரிப்பிடங்களிலே விளையாட்டாக ஓடிய இவ்வண்டி இரண்டொரு ஆண்டுகளிலேயே தொழிற்சாலைப் பண்டமாயிற்று. இங்கும் தொடக்கம் கழிவுப்பொருளும் தொழிலாளியின் கைத்திறனுமே. இன்றும் இவ்விளையாட்டின் திரையில், பந்தயத்தின் வேகத்தைத் தெரிவுசெய்ய 50சிசி, 100சிசி, 150சிசி என எஞ்சின் அளவுகளே காட்டப்படுகின்றன. அது இங்கெல்சின் பட்டறை விட்டுச்சென்ற சுவடு. விளையாடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 'சிசி' என்பது என்னவென்று தெரியும்?

வண்டிக்குக் கேலிச்சித்திர உருவங்களை ஏற்றியது தொலைக்காட்சி. 1968இல் ஹன்னா-பார்பரா நிறுவனம் 'வக்கி றேசஸ்' என்ற தொடரை வெளியிட்டது. 11 விசித்திர வண்டிகள், 34 பந்தயங்கள். எல்லோரையும் ஏமாற்றி முந்த முயலும் வில்லன் ஒருவன் அவற்றுள் ஒன்றிலேனும் வெல்லவில்லை. அவன் நேராக ஓட்டியிருந்தால் வென்றிருப்பான். பிறரை வீழ்த்தப் பொறி வைப்பதற்காக நிறுத்துவதாலேயே தோற்றான். பிள்ளைகளுக்கேற்ற எளிய நீதி. ஆயினும் அத்தொடரின் பிறப்பு அத்துணைக் குற்றமற்றதன்று. எந்த வண்டி வெல்லும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டிப் பரிசு பெறும் போட்டி நிகழ்ச்சி ஒன்றின் பகுதியாகவே அது முதலிற் கருக்கொண்டது. அத்திட்டம் கைவிடப்பட்டுச் சித்திரம் மட்டும் எஞ்சியது. பிள்ளைகளின் பந்தய வண்டியைச் சுற்றிச் சூதின் நிழல் அன்றே படிந்திருந்தது என்பதைக் குறித்துவைப்போம்.

இனி யப்பானுக்கு வருவோம். நின்டெண்டோ 1889இல் கியோத்தோவிலே பூக்கள் வரைந்த கைவினைச் சீட்டுகளைச் செய்யத் தொடங்கிய சிறு தொழிலகம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மின்னணு விளையாட்டுகளுக்கு மாறியது. 1981இல் அக்கம்பனியின் இளம் ஓவியரான சிகேரு மியமோட்டோ அமைத்த விளையாட்டொன்றிலே தச்சன் ஒருவன் கதாநாயகனாக வந்தான். இரண்டு ஆண்டுகளில் அவன் குழாய் பொருத்தும் தொழிலாளியானான். அவனே மாரியோ. அவனுக்குத் தொப்பியும் மீசையும் தொழிலாளர் அணியும் முழுச்சட்டையும் வந்ததற்குக் காரணம் வர்க்க உணர்வன்று. அன்றைய திரையில் உருவத்துக்கு ஒதுக்கப்பட்ட புள்ளிகள் மிகச் சில. தலைமயிரையும் வாயையும் வரைய இடமில்லாததால் தொப்பியும் மீசையும் வந்தன. கை அசைவு தெரிவதற்காக இருநிறச் சட்டை வந்தது. எனினும் உலகப் பிள்ளைகள் யாவரும் அறிந்த உருவம் ஒரு குழாய்த் தொழிலாளியினுடையது என்பதிலே நமக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கமாட்டோம்.

1990இல் அக்கம்பனி 'எப்-சீறோ' என்ற அதிவேகப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதனை ஒருவர் மட்டுமே விளையாடலாம். இருவர் ஒன்றாக விளையாடும் பந்தயம் வேண்டும் என்ற நோக்கத்துடன் தடாஷி சுகியமாவும் ஹிடெக்கி கொன்னோவும் மியமோட்டோவின் மேற்பார்வையில் வேலையைத் தொடங்கினர். இருவருக்காகத் திரையை மேல், கீழ் எனப் பிளக்கவேண்டியிருந்தது. எப்-சீறோவின் நீண்ட நேர்ப்பாதைகளும் மின்னல் வேகமும் பிளந்த திரைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பாதை ஒரு சதுரத்துள் சுருண்டது, வேகம் குறைந்தது, பந்தயக் காரின் இடத்தில் கார்ட் வந்தது. மாரியோகூடத் தொடக்கத்தில் இல்லை. முழுச்சட்டை அணிந்த பெயரற்ற ஒருவனே வண்டியோட்டினான். சில மாதங்களின் பின்னரே, வண்டியில் இருப்பவர் யாரென முதுகைப் பார்த்தே அறிய வேண்டும் என்பதற்காக மாரியோவையும் அவன் கூட்டத்தாரையும் ஏற்றினர். இருவர் ஒரே திரை முன்னே அருகருகே அமர்ந்து விளையாடவேண்டும் என்ற ஒரு கூட்டு வாழ்வுத் தேவையே இவ்விளையாட்டின் உருவத்தை நிர்ணயித்தது. தொழில்நுட்பத்தின் வரம்பு அத்தேவைக்கு உடல் கொடுத்தது.

இத்தேவையிலிருந்தே அவ்விளையாட்டின் தலையாய விதியும் பிறந்தது எனக் கருதுகிறோம். அண்ணனும் தம்பியும் ஒன்றாக விளையாடினால் அண்ணன் வெல்வான். மூன்றாம் முறை தம்பி எழுந்து போய்விடுவான். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் பெட்டியிலே இருக்கிறது. பாதையிற் கிடக்கும் அடையாளத்தைக் கடக்கும்போது பெட்டி சுழன்று ஒரு பொருளைத் தரும். எந்தப் பொருள் வரும் என்பது தற்செயல் போலத் தோன்றும். உண்மையில், ஓடுபவர் அந்நேரம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அத்தற்செயல் அளவிடப்பட்டிருக்கிறது. முதலிடத்தில் இருப்பவனுக்கு வாழைப்பழத் தோல் போன்ற அற்பப் பொருள்களே வரும். பின்தங்கியவனுக்கு விரைவுக் காளான், எவராலும் தொடமுடியாத நட்சத்திரம், எல்லோரையும் சிறியவராக்கும் மின்னல் ஆகியன கிடைக்கும். 1996இல் வெளிவந்த இரண்டாவது விளையாட்டில், முதலிடத்தில் இருப்பவனைத் தேடிச் சென்று தாக்கும் நீல ஆமையோடு சேர்க்கப்பட்டது. பின்வந்த விளையாட்டுகளில் அது முன்னவனுக்குக் கிடைக்காது. பின்னவனே அதனை எறியலாம்.

இதன் பொருள் என்ன? பந்தயம் என்பது முந்துவோர்க்கு மேலும் கொடுப்பது என்று தான் நாம் அறிந்திருக்கிறோம். பரிசு பெற்ற பிள்ளைக்கே நல்ல பாடசாலை. நல்ல பாடசாலைப் பிள்ளைக்கே மறுபடியும் பரிசு. இங்கே தலைகீழான ஒரு பங்கீடு. தேவை அதிகமுள்ள இடத்துக்கே பொருள் அதிகம் செல்கிறது. அதுவும் இரந்து பெறவேண்டியதில்லை, விதியே கொடுத்துவிடுகிறது. இதை அமைத்தவர்கள் சமதர்மவாதிகள் அல்லர். அவர்கள் சரக்கை விற்கவந்த ஒரு கம்பனியின் ஊழியர். இருப்பினும், மனிதர் ஒன்றாக இருந்து மகிழவேண்டுமாயின் முன்னவனின் ஆதாயம் பெருகிக்கொண்டே போகக்கூடாது என்ற உண்மையை அவர்கள் தம் தொழிலினூடாகக் கண்டுகொண்டனர். நோக்கத்தை விட விதியே இங்கு நமக்கு முக்கியம்.

இவ்விதிக்கு எதிர்ப்பும் உண்டு. நன்றாக விளையாடத் தெரிந்த இளைஞர் பலர் நீல ஓட்டைக் கண்டால் பொங்கியெழுவர். திறமைக்கு மதிப்பில்லை என்பதே அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் வேறிடங்களிலும் கேட்டிருக்கிறோம். வசதியற்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சலுகை என்றதும் எழும் குரல் ஏறக்குறைய இதுவேயாகும். நீல ஓடு விழுந்தும் திறமையாளனே பெரும்பாலும் வெல்கிறான் என்பதை விளையாடிப் பார்த்தோர் அறிவர். அவனுக்குக் குறைவது வெற்றியன்று, வெற்றியின் உறுதிப்பாடு மட்டுமே. மறுபுறம், பின்னவனைப் பந்தயத்தில் வைத்திருப்பது நுகர்வோனைக் கடையில் வைத்திருக்கும் தந்திரம் என்று நம் நண்பர் சிலர் சொல்லக்கூடும். அது முழுவதும் பொய்யன்று. ஆயினும், 1992இன் விளையாட்டை ஒருமுறை வாங்கியவன் அதன்பின் எத்தனை முறை தோற்றாலும் ஒரு சதமும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அவனைத் தக்கவைப்பதால் கம்பனிக்கு நாள்தோறும் வருவாயில்லை. இவ்வேறுபாடு பின்னர் தெளிவாகும்.

அவ்விதியின் மிகச் சிறந்த வளர்ச்சி 2017இன் பதிப்பிலே காணப்படுகிறது. வண்டி பாதையை விட்டு விலகாமல் தானே திரும்பும் ஏற்பாடும், பொத்தானை அழுத்தாமலே ஓடும் ஏற்பாடும் அதிற் சேர்க்கப்பட்டன. மூன்று வயதுக் குழந்தையும், கைவிரல் இயங்காத ஒருவரும் மற்றவர்களோடு ஒரே பந்தயத்தில் ஓடி முடிக்கலாம். உதவி பெறும் வண்டியின் பின்னே சிறு கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குறுக்கு வழிகளில் நுழைய அவ்வண்டியால் முடியாது. அவ்வளவே வேறுபாடு. குழந்தைக்கெனத் தனிப் பந்தயம் வைத்து ஒதுக்காமல் எல்லோருடைய பந்தயத்திலும் இடம் கொடுத்தது பாராட்டத்தக்கது. வகுப்பறையில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று தவிக்கும் ஆசிரியர் இதிற் கவனிக்கத்தக்கது உண்டு.

ஆனால் பண்ட உலகம் இவ்விளையாட்டுக்கு வெளியே நின்றுவிடவில்லை. 2014இல் ஜேர்மனியின் மேர்சிடிஸ்-பென்ஸ் கம்பனியின் வண்டிகள் மூன்று அவ்வாண்டின் 'மாரியோ கார்ட் 8' விளையாட்டில் இலவசமாகச் சேர்க்கப்பட்டன. விளம்பரம் எப்பொழுதும் இலவசம்தானே! அவற்றுள் ஒன்று 1934இன் 'டபிள்யூ 25' என்னும் பந்தயக் கார். நாசி அரசின் பண உதவியோடு, நாசி ஆட்சியின் பெருமையைப் பறைசாற்ற ஐரோப்பியப் பந்தயங்களில் ஓடிய வண்டி அது. மதுச்சாலைப் பலகையில் வண்டி செய்த மன்சிச் சிறுவன் வென்றதும் அதே 1934 தான். எந்த வண்டியைக் குழாய்த் தொழிலாளி மாரியோவுக்குக் கொடுத்தார்கள் என்பதை நோக்குக.

இவ்விளையாட்டுப் பொறிகளைப் பூட்டுவோர் யார் என்ற வினாவும் உண்டு. சீனாவின் யான்டாய் நகரிலுள்ள தன் ஆலையில் 14 வயது முதல் 16 வயது வரையான பிள்ளைகள் பயிலுநர் என்ற பெயரில் வேலை செய்ததை 2012 ஒக்டோபரில் பொக்ஸ்கொன் நிறுவனம் ஒப்புக்கொண்டது. நின்டெண்டோவின் பொருள்கள் அவ்வாலையிற் செய்யப்பட்டன; தான் விசாரிப்பதாக நின்டெண்டோ அறிவித்தது. விளையாடும் வயதினர் சிலர் விளையாட்டுப் பொருளின் உற்பத்தி வரிசையில் நின்றனர். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூனில் அக்டிவிஷன் கம்பனி, 1999இல் வந்த வேறொரு கேலிச்சித்திர வண்டிப் பந்தயத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. வெளிவந்த வேளையில் அதில் பணக்கடை இல்லை. மதிப்புரைகள் எல்லாம் எழுதி முடிந்தபின், ஓகஸ்ட்டில், உண்மைப் பணத்துக்கு விளையாட்டு நாணயம் விற்கும் கடை அதனுள் திறக்கப்பட்டது. செப்டெம்பர் 25ஆம் தேதி நின்டெண்டோவும் கைத்தொலைபேசிக்கென 'மாரியோ கார்ட் டூர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. விலை ஏதுமில்லை, ஒற்றை விரலே போதும், சின்னஞ்சிறு பிள்ளையும் விளையாடலாம். ஆனால் புதிய ஓட்டுநர் உருவங்களைப் பெறுவதற்குப் பச்சைக் குழாய் ஒன்றைச் சுடவேண்டும். அதற்கு மாணிக்கக் கற்கள் தேவை. மாணிக்கக் கற்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். குழாயிலிருந்து எது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. மாதம் 4.99 டொலர் கட்டுவோருக்கு வேறு சலுகைகள். தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு எதிரே ஓடியவர்கள் உண்மையான மனிதர்கள்கூட அல்லர். மனிதப் பெயர்களைத் தாங்கிய பொறியின் உருவங்கள். மெய்யாகவே பிறரோடு விளையாடும் வசதி 2020 மார்ச்சில்தான் வந்தது. இருவர் அருகருகே அமர்வதற்கெனப் பிறந்த விளையாட்டில் ஒரு குழந்தை, தான் தனித்திருப்பதை அறியாமலே தனித்திருந்தது.

குழாய் பற்றியே அந்நாளில் பலரும் பேசினர். நாம் அதனினும் முக்கியமானதெனக் கருதுவது வேறொரு விதி. ஒவ்வொரு பாதைக்கும் உகந்த ஓட்டுநர் சிலர் உண்டு. உகந்த ஓட்டுநரை உடையவர் பெட்டி ஒன்றைக் கடக்கும்போது மூன்று பொருள்களைப் பெறுவார். அடுத்த படியில் உள்ளவருக்கு இரண்டு. மற்றவருக்கு ஒன்று. மூன்றும் ஒரே பொருளாக அமைந்தால் சிறிது நேரம் அதனை வரம்பின்றிப் பொழியலாம். மூன்று வருபவருக்கே இவ்வாய்ப்பு இயல்பாகக் கிட்டும். பெட்டி அதே பெட்டி. பாதை அதே சுருள் பாதை. மாரியோவின் மீசையும் அதே மீசை. ஆனால் 1992இல் ஓடுபவரின் இடத்தைப் பார்த்துக் கொடுத்த பெட்டி, இப்பொழுது அவருடைய உடைமையைப் பார்த்துக் கொடுக்கிறது. பின்தங்கியோர்க்கு மிகுதியாகக் கொடுத்த ஒரேயொரு பந்தயத்தில், உடையோர்க்கு மிகுதியாகக் கொடுக்கும் விதி உள்ளே நுழைந்துவிட்டது. அக்ரன் சிறுவனின் மின்காந்தத்தை ஒளித்து வைக்கவேண்டியிருந்தது. கண்டுபிடித்ததும் பரிசு பறிக்கப்பட்டது. இங்கே அக்காந்தம் கடையிலேயே விற்கப்பட்டது.

ஐரோப்பாவிலே இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. உள்ளிருப்பது தெரியாத பெட்டிகளைப் பணத்துக்கு விற்பது சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகும் எனப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் சில விளையாட்டுகள் தொடர்பாகத் தீர்மானித்தது. அதன் விளைவாக நின்டெண்டோ தன்னுடைய வேறு இரண்டு கைத்தொலைபேசி விளையாட்டுகளை 2019 ஓகஸ்ட்டில் அந்நாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. அடுத்த மாதமே 'டூர்' குழாயோடு வெளிவந்தது! 2022 ஒக்டோபரில் குழாய் அகற்றப்பட்டது. அதனிடத்தில், வேண்டிய உருவத்தை மாணிக்கக் கல் கொடுத்து நேரடியாக வாங்கும் கடை வைக்கப்பட்டது. சூது போயிற்று எனப் பெற்றோர் ஆறுதலடைந்தனர். பெட்டியிலிருந்து மூவருக்கு மூன்று அளவாகக் கொடுக்கும் விதியை எவரும் தொடவில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது குழாய் மட்டுமே. பங்கீட்டின் விதி எந்த நாட்டுச் சட்டத்துக்கும் குற்றமாகத் தோன்றவில்லை.

'டூர்' விளையாட்டில் புதிய பாதைகள் சேர்ப்பது 2023 ஒக்டோபரோடு நின்றது. 2025 ஜூன் 5ஆம் தேதி நின்டெண்டோ தன் புதிய பொறியோடு 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 24 பேர் ஒன்றாக ஓடலாம். பெட்டி பழைய முறைக்குத் திரும்பியிருக்கிறது. இருபத்துநான்காம் இடத்தில் திணறும் பிள்ளைக்கே அது நல்ல பொருளைக் கொடுக்கிறது. அமெரிக்காவில் அவ்விளையாட்டு வெளிவந்தபோது அதன் விலை 80 டொலர். அதனை இயக்கும் பொறியின் விலை அன்று 450 டொலர்.